முள் போட்டிருந்த கல்

நம் பள்ளிக்கூடத்துக் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்ததே, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குன்றின் உச்சியில் ஒரு கல். அதன் தலையில் ஒரு வட்டம், வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி. நம்மில் யாருடைய பேரனோ காலையில் நடக்கப் போனபோது எடுத்த படம். இது என்னவென்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தது. ஒருவர் நடுகல் என்றார். ஒருவர் வெள்ளைக்காரன் கல்லறை என்றார். சமணர் காலத்தது, வந்தவாசிப் பக்கம் இதுபோல நிறைய உண்டு என்று ஒருவர் எழுதினார். புதையல் என்று எழுதிப் பின்னால் நான்கு சிரிப்புப் பொம்மைகள் போட்டவரும் உண்டு.

நான் அன்று ஒன்றும் எழுதவில்லை. இரண்டு முறை எழுத ஆரம்பித்து அழித்தேன். அந்தக் கல் எனக்குத் தெரியும். அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அது இன்ன கல் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால், அதை வைத்து ஒரு மனுஷிக்கு என்னால் நேர்ந்தது அந்த வரிக்குள் வராது. அதனால்தான் இவ்வளவு நீளம். கண் வலித்தால் நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். நம் வயதில் அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாம் ஆறாவது முடித்த கோடை அது. அந்த வருஷம்தான் அப்பா நிலம் வாங்கினார். எங்கள் பரம்பரையில் யாருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா உட்காருவார், இன்னொன்று பட்டு வந்தால் ஓடும், வராவிட்டால் துணி போர்த்திக்கொண்டு நிற்கும். அந்த வருஷம் அது நெடுநாள் போர்த்திக்கொண்டே நின்றது. "தறி நின்னா நாமும் நிக்க வேண்டியதுதான். மண்ணுன்னு ஒண்ணு இருந்தா எதனா மொளைச்சிகினு இருக்கும்" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. மண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நிலம் நதிக்கு அந்தப் பக்கம், மூன்று மைல். கமண்டல நாகநதியில் அப்போது மணல்தான் ஓடும். அப்பா சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு போவார், நான் பின்னால் கேரியரைப் பிடித்து முட்டுக்கொடுப்பேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டால் கால் வெந்துபோகும், போட்டுக்கொண்டால் மணல் புகுந்து கடிக்கும். கரையேறி, போளூர் ரோட்டைத் தாண்டி, பனைமரங்கள் நிற்கிற வண்டிப் பாதையில் போனால் அந்தக் குன்று. குன்றின் அடியில் வானம் பார்த்த கொல்லை. மழை பெய்தால் மல்லாட்டை, பெய்யாவிட்டால் வெறும் செம்மண். வேர்க்கடலை என்று நகரத்தில் போய் உட்கார்ந்த பிள்ளைகள் சொல்கிறார்கள். நமக்கு அது மல்லாட்டைதானே.

விற்றவர் வந்தவாசிக்குக் குடிபோய்விட்டவர். பத்திரம் எழுதுகிற அன்றைக்கு வந்து கையை நீட்டி நாலு பக்கமும் காட்டினார். "மேக்கால குன்னோரத்துக் கல்லு வரைக்கும்" என்றார். பத்திரத்திலும் அப்படியே எழுதியிருந்தது. அந்தக் கல் எங்கே என்று அப்பா கேட்டதற்கு, "அங்கதான் எங்கனா மண்ணு மூடி இருக்கும், மழை பேஞ்சா தெரியும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அப்பா வாரத்துக்கு இரண்டு நாள் போய் அந்தக் கல்லைத் தேடினார். தேடுகிற நாளில் எல்லாம் நானும் கூடப் போனேன்.

எங்கள் நிலத்துக்கும் குன்றுக்கும் நடுவில் இன்னொரு கொல்லை இருந்தது. அதில் ஒரு அம்மா தனியாகப் பயிர் வைத்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அப்பா அவளைக் கொல்லைக்காரி என்பார். எனக்குப் பெரியம்மா. புருஷன் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. இரண்டு ஆடு, ஒரு தட்டி வீடு, வாசலில் ஒரு கருங்கல் தொட்டி. பட்டா புருஷனுடைய அண்ணன் பெயரில் இருந்தது, அந்த அண்ணன் பெங்களூரில் எங்கோ இருந்தார்.

"அங்க எதுவும் வாங்கித் தின்னாத" என்று அம்மா சொல்லி அனுப்புவாள். நான் தின்றேன். வெயிலில் வாடிப் போய் நிற்கிற பிள்ளையைப் பார்த்து அவள், "ஏ பொண்ணு, இங்க வா" என்று கூப்பிட்டு அலுமினியப் போசியில் கேழ்வரகுக் கூழ் கரைத்துக் கொடுப்பாள். கடித்துக்கொள்ள ஒரு சின்ன வெங்காயம். அந்தக் கூழின் புளிப்பும், போசியின் விளிம்பில் இருந்த நசுங்கலும் உதட்டில் இன்னும் இருக்கின்றன.

ஒரு நாள் காலை. அப்பா கீழே மண்வெட்டியால் அங்கங்கே கொத்திக்கொண்டிருந்தார். எனக்கு அலுப்பாக இருந்தது. ஏழாம் வகுப்புக்கென்று மாமா வாங்கிக் கொடுத்த ஜாமெட்ரி பாக்ஸ் கையில் இருந்தது. உங்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் அதை வைத்திருந்தவர்கள் நம் வகுப்பில் நான்கைந்து பேர்தான். எங்கே போனாலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் போவேன். பாறை பாறையாகக் கால் வைத்துக் குன்றில் ஏறிவிட்டேன்.

உச்சியில் வட்டமாக முள் குவித்திருந்தது. காய்ந்த காரைமுள், சூரைமுள். அடுக்கி அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. நடுவில் கற்களைக் குவித்து, அந்தக் குவியலுக்கு நடுவே ஒரு கல் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு குச்சியால் முள்ளை ஒரு பக்கம் இழுத்துத் தள்ளி வழி செய்து உள்ளே போனேன். கல்லின் தலையில் வட்டம், புள்ளி. வேறு ஒரு எழுத்தும் இல்லை. என் காம்பஸை எடுத்து முனையை அந்தப் புள்ளியில் ஊன்றினேன். சரியாக உட்கார்ந்தது. பென்சில் காலை வட்டத்தின் மேல் வைத்துச் சுற்றினேன். ஒரு இடத்தில்கூட விலகவில்லை. கல்லில் யாரோ ஒருவர் காம்பஸ் வைத்து வட்டம் போட்டிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பிறகு அதன் மேல் ஏறி உட்கார்ந்தேன். காலை நேரம், முந்தின நாள் கோடைமழை தூறியிருந்ததால் புழுதி அடங்கியிருந்தது. கிழக்கே வந்தவாசி மலை. தெற்கே, ரொம்பத் தூரத்தில், நீல மசி தொட்டு வைத்தது போலத் திருவண்ணாமலை மலை. மேற்கே ஜவ்வாது மலை சுவர் மாதிரி நீண்டு கிடந்தது. கீழே எங்கள் ஊர் ஒரு கைப்பிடி ஓடுகளாகத் தெரிந்தது. இவ்வளவு தூரம் பார்க்க முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"ஏ! எறங்கு! அதும்மேல யாரு உன்ன ஒக்காரச் சொன்னது?"

பெரியம்மா கையில் ஆட்டுக்கோலோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததில்லை. என் கையைப் பிடித்து இழுத்தாள். காம்பஸ் கையிலிருந்து நழுவிப் பாறை இடுக்கில் விழுந்து, டிங் டிங் என்று உள்ளே போய்விட்டது.

"தொரை கல்லு அது. ஒக்கார்ற எடமா? முள்ள வேற கலைச்சி வெச்சிருக்கற. எறங்கு ஜல்தி!"

அழுதுகொண்டே இறங்கினேன். கை வலித்தது. காம்பஸ் போய்விட்டது. கூழ் கொடுத்த கை அப்படிப் பிடித்து இழுத்துவிட்டதே என்ற ஆங்காரம் எல்லாவற்றுக்கும் மேல்.

"இன்னாம்மா ஆச்சி?" என்றார் அப்பா.

"குன்னு மேல கல்லு இருக்குதுப்பா. அந்தம்மா தொடக் கூடாதுன்னு அடிக்க வராங்க."

அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டார். "கல்லா? எப்படி இருக்குது?"

"முள்ளு போட்டு மூடி வெச்சிருக்காங்க."

அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியவில்லை. என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். பதினோரு வயதுப் பெண்ணை. "நான் ரெண்டு மாசமா கொத்திகினு இருக்கறன், என் பொண்ணு ஒரு நாள்ல கண்டுபுடிச்சிட்டா பாரு" என்றார். தொரை கல்லு என்று அவள் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. மறந்ததனால் அல்ல. சொல்லியிருந்தால் அந்தச் சுற்று அங்கேயே நின்றுபோயிருக்கும் என்று எனக்கு ஏதோ ஒரு விதத்தில் தெரிந்திருந்தது.

அப்பா மறுநாளே வந்தவாசிக்குப் போய் விற்றவரைப் பார்த்தார். "அதே கல்லுதான்" என்று சொல்லிவிட்டாராம் அவர். பார்க்காத கல்லை. குன்றின் உச்சி வரைக்கும் எங்கள் நிலம் என்றால், நடுவில் இருக்கிற கொல்லையும் எங்களுடையது. இத்தனை வருஷமாக ஒருத்தி அடுத்தவர் நிலத்தில் ஏறி உழுதுகொண்டு, கல் தெரியக் கூடாதென்று முள்ளைப் போட்டு மறைத்தும் வைத்திருக்கிறாள். எல்லாம் எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது பாருங்கள். அப்பா கெட்டவர் இல்லை. பொருந்திவிட்டது, அவ்வளவுதான். நம்மில் எத்தனை பேர் அப்படிப் பொருந்தியதை நம்பிக்கொண்டு பாதி ஆயுளைக் கழித்திருக்கிறோம்.

ஆனி மாதத்தில், கொல்லை இருந்த ஊரின் சாவடியில் பஞ்சாயத்து வைத்தார்கள். மணியக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் அந்த வேலைக்குப் புதிது. அப்பா பத்திரத்தைக் காட்டினார். பெரியம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூணோரம் நின்றாள். அவளிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை.

"கல்ல கண்டது யாரு?" என்றார் மணியக்காரர்.

"என் பொண்ணுதாங்க."

"இங்க வா பாப்பா. பயப்படாத. கல்லு எப்படி இருந்துச்சி?"

"முள்ளால மூடியிருந்துச்சி."

"முள்ளு தானா மொளைச்சிருந்துச்சா, யாருன்னா போட்டு வெச்சதா?"

"போட்டு வெச்சது."

"நீதான போட்ட?" என்று அவர் பெரியம்மா பக்கம் திரும்பினார்.

"நான்தான் சாமி போட்டேன். அது வந்து..."

"போட்டேன்னு ஒத்துகினாச்சி. போதும், நிறுத்து."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் வாயைத் திறப்பேன் என்று எதிர்பார்த்துப் பார்த்தாள். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

சர்வேயர் வந்து அளந்து முடிக்கும் வரை இரண்டு பேரும் அந்தக் கொல்லையில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பாவுக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை, வீட்டில் தறி இருந்தது. அவளுக்கு இருந்தது அந்தக் கொல்லைதான். அப்பா இரண்டு ஆட்களோடு போய் உச்சியில் இருந்த முள்ளை எல்லாம் இழுத்துப் போட்டுக் கொளுத்திவிட்டு வந்தார். அந்தப் புகையின் நாற்றம் அன்று அவர் சட்டையில் இருந்தது.

ஆடியில் மழை பெய்தது. நல்ல மழை. சுற்றியிருந்த கொல்லைகளில் எல்லாம் ஏர் நடந்தது. நாங்கள் போனபோது அவள் தட்டி வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரமாகக் கிடந்த தன் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விதைக்கு எடுத்து வைத்திருந்த மல்லாட்டை மூட்டை உள்ளே இருந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவளும் என்னைக் கூப்பிடவில்லை. அம்மா சொன்னபடி எங்கும் எதுவும் வாங்கித் தின்னாத நல்ல பெண்ணாக அந்த மாதம் முழுவதும் இருந்தேன்.

ஆவணி பிறந்து சில நாளில் சர்வேயர் வந்தார். வயசாளியாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். மீசை சரியாக முளைக்காத ஆள். தொப்பிக்குக் கீழே கைக்குட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு குடையும் சுருட்டிய வரைபடமுமாக வந்தார். கூடச் சங்கிலி பிடிக்க இரண்டு பேர். ரோட்டோரத்தில் இருந்த ஒரு கல்லிலிருந்து ஆரம்பித்துச் சங்கிலியை இழுத்துக்கொண்டே வந்தார்கள். செடிகளுக்கு நடுவே அது சரசரவென்று பாம்பு மாதிரி வந்தது. எங்கள் நிலத்தைக் கடந்து, பெரியம்மாவின் கொல்லை ஆரம்பிக்கிற வேப்பமரத்தடியில் நின்றது.

"இங்க தோண்டுங்க" என்றார் சர்வேயர்.

முக்கால் முழம் தோண்டியதும் கடப்பாரை டணார் என்றது. மண்ணைத் தள்ளினால் சின்னக் கல். தலையில் ஒரு கோடு வெட்டியிருந்தது.

"இதாங்க உங்க மேக்கு எல்லை."

அப்பா நம்பவில்லை. "அது வேற எதுனா பழைய கல்லா இருக்கும் சார். குன்னு மேல இருக்கறத வந்து பாருங்க. அதான் பத்திரத்துல இருக்கற கல்லு. நீங்க பாத்தே ஆவணும்."

எல்லோரும் ஏறினோம். மணியக்காரர் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா கடைசியாக வந்தாள். கல்லைச் சுற்றி எரிந்த கரி இன்னும் கிடந்தது. கல்லில் ஒரு பக்கம் புகை ஏறியிருந்தது.

சர்வேயர் கல்லைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மண்டியிட்டு விரலால் வட்டத்தைத் தடவினார், பிறகு புள்ளியை. அப்புறம் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தார். மதிய வெயிலில் தூரத்து மலைகள் எல்லாம் மங்கிப்போயிருந்தன.

"காலையில இங்கேர்ந்து இன்னா தெரியும்?" என்று பொதுவாகக் கேட்டார்.

நான் சொன்னேன். "அந்தப் பக்கம் வந்தவாசி மலை. இந்தப் பக்கம் திருவண்ணாமலை மலை. அங்க ஜவ்வாது மலை."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, "இங்க எரிஞ்ச முள்ளு கிடக்குதே, யாரு போட்டிருந்தது?" என்றார்.

"இந்தம்மாதான்" என்றார் அப்பா. "பஞ்சாயத்துல அதுவே ஒத்துகினுது சார்."

"ஏம்மா போட்டீங்க?"

ஏன் என்ற அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. பெரியம்மா தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்க மாமனாரு போட்டுகினு இருந்தாருங்க. அவருக்கு முன்னால அவரு அப்பா. தொரைங்க வெச்ச கல்லு, ஆடு மாடு ஒரசக் கூடாது, யாரும் அசைக்கக் கூடாது, கொல்லைக்காரன் நீதான் பாத்துக்கணும்னு அந்தக் காலத்து மணியக்காரரு சொல்லி வெச்சாராம். வருஷத்துக்கு ஒரு தரம் வந்து, கல்லு பத்திரமா இருக்குதான்னு கேட்டு எழுதிகினு போவாங்க. அப்புறம் கேக்கறதுக்கு யாரும் வரலிங்க. நான் பாட்டுக்கு முள்ளு மக்கனா புதுசு வெட்டிப் போட்டுகினு இருந்தேன்."

"அப்ப மறைக்கறதுக்குப் போடலியா?" என்றார் அப்பா. அவர் குரல் முன்பு போல் இல்லை.

"மறைச்சி நான் இன்னா பண்ணப் போறேன் தறிக்காரரே. காத்துகினு இருந்தேன்."

சர்வேயர் குடையின் முனையால் கல்லைக் காட்டிச் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த நாட்டையே அளந்தார்கள். உயரமான குன்றாகப் பார்த்து இப்படிப் புள்ளி வைத்தார்கள். இந்தப் புள்ளிக்கு நேர் மேலே கருவியை நிறுத்தி அந்த மலையைப் பார்ப்பது, இந்த மலையைப் பார்ப்பது. மூன்று மலைகளைச் சேர்த்தால் ஒரு முக்கோணம். ஒரு பக்கத்தின் நீளம் தெரிந்தால் போதும், கோணத்தை வைத்து மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கிலேயே வந்துவிடும். சங்கிலி இழுக்க வேண்டியதில்லை. அப்படி முக்கோணத்தோடு முக்கோணம் ஒட்டிக்கொண்டே போய்த்தான் படம் போட்டார்கள்.

"படிக்கும்போது புத்தகத்துல பாத்திருக்கறன். நேர்ல இன்னிக்குத்தான்" என்றார். "எல்லைக் கல்லுன்னா கோடு இருக்குங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் உன்னுது, அந்தப் பக்கம் அவனுது. இதுல பாருங்க, கோடே கிடையாது. புள்ளிதான். இது யாரு நெலத்துக்கும் எல்லை இல்ல. இது பேந்து போச்சின்னா, திரும்ப அளக்க வரவனுக்கு அந்த எடம் கிடைக்காது. அதுக்காகத்தான் பாத்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சி சொன்ன வேலைய இன்னும் செஞ்சிகினு இருந்தது இந்தம்மாவாத்தான் இருக்கும்."

நாம் ஒன்பதாவதில் முக்கோணம் படித்தபோது, கணக்கு டீச்சர் பலகையில் மூன்று புள்ளிகள் வைத்ததும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஏன் என்று உங்களில் ஒருத்தி கேட்டிருக்கிறாள். பதில் இதுதான்.

கீழே வந்ததும் அப்பா வேப்பமரத்தடியில் நின்றார். பெரியம்மா அவரைத் தாண்டி நடந்தாள்.

"மல்லாட்டை இனிமே போட முடியாதா?" என்றார் அவள் முதுகைப் பார்த்து.

"பருவம் தாண்டிடுச்சி. கொள்ளு தெளிச்சா வரும்."

அப்பா வேப்பம்பட்டையை நகத்தால் பெயர்த்தார். "ஆள் வேணும்னா சொல்லுங்க. பொண்ண அனுப்பறன்."

அவர் அவளிடம் 'சொல்லுங்க' என்று மரியாதையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு மேல் ஒரு வார்த்தை அவருக்கு வரவில்லை. அந்த வயதில் எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது. காலில் விழ வேண்டாம், தப்பு என்று ஒரு சொல் சொல்லக் கூடாதா என்று. இப்போது என் பிள்ளைகளிடம் நான் சொல்லாமல் விட்ட சொற்களை எண்ணிப் பார்க்கும்போது, அந்த 'சொல்லுங்க' அவர் தொண்டையை எவ்வளவு அறுத்துக்கொண்டு வந்திருக்கும் என்று தெரிகிறது.

அந்தச் சனிக்கிழமை நான் போனேன். உழுது போட்ட மண்ணில் கொள்ளு தெளிப்பதற்கு முன்னால் கல், வேர் பொறுக்க வேண்டும். அவள் முன்னால் குனிந்து போக, நான் கூடையோடு பின்னால் போனேன். வெகுநேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பெரிம்மா, தொரை கல்லுன்னு நீங்க என்கிட்ட அன்னிக்கே சொன்னீங்க இல்ல? நான் அத யாருகிட்டயும் சொல்லல."

அவள் நிமிர்ந்தாள். கையில் இருந்த வேரைத் தட்டினாள். "தெரியும்."

"பஞ்சாயத்துல சொல்லியிருக்கலாம்."

"யாருன்னா உன்ன கேட்டாங்களா?"

"இல்ல."

"கேக்காதத சொல்றதுக்கு எனக்கே அங்க வாய் வரல. உனக்கு எங்க வரும்?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா நீ சொல்லியிருந்தா எனக்கு மல்லாட்டை போயிருக்காது" என்றாள். திட்டுவது போலவும் இல்லை, மன்னிப்பது போலவும் இல்லை. இருப்பதைச் சொன்னாள். சொல்லிவிட்டுப் போசியை எடுத்து நீட்டினாள். நான் கூழைக் குடித்தேன். அழுகையும் கூழும் சேர்ந்து புரையேறியது. அவள் என் தலையில் தட்டினாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உச்சியில் அவள் என்ன சொல்லி என்னை இறக்கினாள், நான் அதை ஏன் விழுங்கினேன், பஞ்சாயத்தில் அவள் என்னை எப்படிப் பார்த்தாள். அடிப்பார் என்று நினைத்தேன். ஊடை நூல் சுற்றுகிற தார்க்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பனோ இல்லையோ" என்றார். அம்மாவிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. உச்சி வெயிலில் திரும்பி வந்தார். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கீறல். விரல் நுனி எல்லாம் பொத்துப்போய், அங்கங்கே முள் முறிந்து உள்ளேயே நின்றிருந்தது.

"இன்னாங்க இது கோலம்?" என்று அம்மா பதறினாள்.

"சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டேன்."

அம்மா ஊசியால் முள் எடுத்து விளக்கெண்ணெய் போட்டாள். சாப்பிட்டுவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார். உங்களில் பாதிப் பேர் தறி வீட்டில் பிறந்தவர்கள், சொல்ல வேண்டியதில்லை. பட்டுக்கு வழவழப்பான விரல் வேண்டும். அவர் இழையைத் தொடும்போதெல்லாம் கீறலில் மாட்டிக்கொண்டு பொசுபொசுவென்று நூல் எழும்பியது. நாலு விரல்கடை நெய்வதற்குள் பாவில் பத்து இடத்தில் இழை அறுந்தது. எழுந்துவிட்டார். அந்தத் தறிக்கும் துணியைப் போர்த்தினார்கள். எட்டு நாள் எங்கள் வீட்டில் தறிச் சத்தமே கேட்கவில்லை.

நடுவில் ஒரு நாள் நான் கொல்லைக்குப் போயிருந்தேன். பெரியம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டு குன்றின் உச்சியைக் காட்டிச் சிரித்தாள். கல்லைச் சுற்றிப் புது முள். "எவனோ வேல தெரியாத ஆளு போட்டிருக்கறான்" என்றாள். "முள்ளுன்னா அடி உள்ள இருக்கணும், நுனி வெளிய இருக்கணும். இவன் எல்லாத்தயும் தலைகீழா போட்டிருக்கறான். ஆட்டுக்குப் பாதகம் இல்ல, போட்டவன் கையத்தான் கிழிச்சிருக்கும்." அவள் அதை மாற்றிப் போடவில்லை. அந்த வருஷம் முழுவதும் அப்படியே விட்டு வைத்திருந்தாள்.

எட்டாம் நாள், அப்பாவுக்குப் பட்டு கொடுக்கிற முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். புடவை கல்யாணத்துக்குப் போக வேண்டியது. போர்த்தியிருந்த தறியைப் பார்த்தார், அப்பாவின் கையைப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, கையா வேற எதுனாவா? தறிக்காரனுக்கு முள்ளுல இன்னா வேல?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "சைக்கிள்லேர்ந்து..." என்று ஆரம்பித்தார்.

என்னை யாரும் கேட்கவில்லை. கதவோரத்தில் நின்றிருந்த நான் முன்னால் வந்தேன்.

"சைக்கிள்லேர்ந்து விழலிங்க. குன்னு மேல ஒரு கல்லு இருக்குது. அதுக்கு அப்பா முள்ளு போட்டுட்டு வந்தாரு."

"எதுக்கு?" என்றார் முதலாளி.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். நிறுத்தச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. எண்ணெய் பூசிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து, எனக்குப் பக்கத்தில் உட்கார இடம் விட்டார். நான் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன்.